பாலியல் தொழிலாளர் மேப்பிங்: களத்தில் இறங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஊரில் பாலியல் தொழிலாளர்களிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணியைத் தொடங்கப்போகும் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்பது, "இங்கே எத்தனை பேர் இருக்காங்க?" என்பதுதான். அதற்கு விடை தேடும் வேலைக்குக் களத்தில் மேப்பிங் என்று பெயர். புதிதாகச் சேரும் களப்பணியாளர்கள், திட்ட மேலாளர்கள், சில சமயம் பாலியல் தொழிலாளர்களே கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறதோ, அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

மேப்பிங் என்றால் சரியாக என்ன?

தொழில் எங்கே நடக்கிறது, அங்கே எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதைக் கண்டறிந்து குறித்துவைப்பது. இடம் என்றால் அறை மட்டும் இல்லை. வாடிக்கையாளரும் தொழிலாளரும் ஒருவரையொருவர் சந்திக்கும் எந்த இடமும் இதில் சேரும்: பேருந்து நிலையத்தின் பின்பக்கம், மதுக்கூடம், லாட்ஜ், லாரிகள் நிற்கும் சாலையோரம், பூங்கா, ஒரு சாதாரண வீடு. இதைக் களத்தில் ஸ்பாட் அல்லது ஹாட்ஸ்பாட் என்பார்கள்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பிங் பெயர்ப் பட்டியல் எடுக்கும் வேலை இல்லை. "இந்த இடத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்" என்பது தடுப்புப் பணிக்குத் தேவைப்படும் தகவல். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர், முகவரி, ஊர் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதுதான் நல்ல மேப்பிங்கின் முதல் அடையாளம்.

ஏன் குறிப்பாகப் பாலியல் தொழிலாளர்கள்? நோய் பரவுவதற்கு அவர்கள்தான் காரணம் என்று சொல்வது போல ஆகாதா?

அப்படிச் சொன்னால் அது தவறு, அநியாயமும்கூட. தொற்று யாரை அதிகமாகத் தாக்குகிறது என்பது ஒரு கேள்வி. யார் மீது குற்றம் என்பது வேறு கேள்வி. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுள்ள 50 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெண் பாலியல் தொழிலாளர்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. குழந்தை பெறும் வயதில் உள்ள மற்ற பெண்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்குத் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு 13 மடங்குக்கும் மேல்.

இதற்குக் காரணம் உடலுறவின் எண்ணிக்கை மட்டும் இல்லை. ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் பணம் காட்டும் வாடிக்கையாளர், பையில் ஆணுறை இருந்தாலே பிடித்துப்போகும் போலீஸ், கேவலமாகப் பேசும் மருத்துவமனை ஊழியர், அடிக்கும் ரவுடி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வாழ வேண்டிய நிலை என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணைத் தொற்றுக்கு அருகில் தள்ளுகின்றன. ஆகவே மேப்பிங் செய்யும்போது எண்ணிக்கையோடு இவற்றையும் கேட்க வேண்டும். ஒரு ஸ்பாட்டில் வாரத்துக்கு இரண்டு ரெய்டு நடக்கிறது என்பது, அங்கே எத்தனை ஆணுறை தேவை என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ள தகவல்.

நாடு முழுமைக்கும் மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. அதை மக்கள்தொகைக்கு ஏற்ப ஊருக்கு ஊர் பிரித்துக்கொண்டால் போதாதா?

போதாது. இந்தியாவில் 2020-க்கும் 2022-க்கும் இடையில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய மேப்பிங்கில், பெண் பாலியல் தொழிலாளர்கள் பத்து லட்சத்தை ஒட்டி இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது. நிதி ஒதுக்க அந்த எண் உதவும். ஆனால் ஒரு களப்பணியாளர் காலையில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்லாது.

தவிர, தொழில் மக்கள்தொகையைப் பின்தொடர்வதில்லை. பணம் கையில் உள்ள, வீட்டை விட்டு விலகி இருக்கும் ஆண்கள் கூடும் இடத்தைப் பின்தொடர்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் துறைமுகம், சந்தை அல்லது சுரங்கம் இருந்தால் அதன் எண்ணிக்கை மற்றதைவிடப் பல மடங்கு இருக்கும். கென்யாவில் 2012-ல் நகர்ப்புறங்களில் செய்த மேப்பிங்கில் 10,000-க்கும் மேற்பட்ட ஸ்பாட்டுகளும் சுமார் ஒரு லட்சம் பெண்களும் கணக்கில் வந்தார்கள். அந்த ஸ்பாட்டுகளில் அதிகம் மதுக்கூடங்களும், தங்கும் அறையோடு கூடிய மதுக்கூடங்களும்தான். சிவப்பு விளக்குப் பகுதியை மட்டும் நினைத்துக்கொண்டு திட்டம் போட்டிருந்தால் பெரும்பாலோர் விட்டுப்போயிருப்பார்கள்.

களத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கும் முறைக்கு இரண்டு படிகள் உண்டு.

முதல் படியில், ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் விஷயம் தெரிந்தவர்களிடம் பேச வேண்டும். ஆட்டோ ஓட்டுநர், லாட்ஜில் வேலை செய்பவர், இரவில் கடை திறந்து வைப்பவர், லாரி கிளீனர், மருந்துக்கடைக்காரர், புரோக்கர் என்று பலதரப்பட்டவர்கள். "இந்தப் பக்கம் எங்கெங்கே நடக்கும்?" என்று ஒருவரிடம் கேட்டால் மூன்று இடம் சொல்வார். அடுத்தவர் அதில் இரண்டைச் சொல்லிப் புதிதாக ஒன்று சேர்ப்பார். பத்து இருபது பேரிடம் கேட்டபின் பழைய இடங்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். அப்போது அந்தப் பகுதிக்குப் பட்டியல் ஏறக்குறைய முடிந்தது என்று அர்த்தம். ஒருவர் மட்டும் சொன்ன இடத்தையும் தூக்கி எறியக் கூடாது. பலருக்குத் தெரியாத இடத்தில்தான் பலமுறை யாரும் எட்டாத பெண்கள் இருப்பார்கள்.

இரண்டாம் படியில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் நேரில் போய், அங்கே தொழில் செய்பவர்களிடமே பேச வேண்டும். சாதாரண நாளில் குறைந்தது எத்தனை பேர் வருவீர்கள், அதிகபட்சம் எத்தனை? எந்த நாளில் கூட்டம் அதிகம்? எத்தனை மணிக்கு? வேறு எந்த இடத்துக்கும் போவீர்களா? அதோடு, இந்த ஸ்பாட் இன்னும் இயங்குகிறதா என்பதும் இங்கேதான் தெரியும். முதல் படியில் வந்த இடங்களில் சில, எப்போதோ மூடிப்போனவையாக இருக்கும்.

இந்த இரண்டாம் படி எப்படி நடக்கும் என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஒரு முறை நான்கு பெண்கள் தரையில் விரித்த சார்ட் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேருந்து நிலையம். ஒரு பெண்ணுக்கு ஒரு கூழாங்கல் என்று கணக்கு. மூத்த அக்கா ஒருவர் கழிப்பறைப் பக்கம் ஆறு கல் வைத்தார். பக்கத்தில் இருந்த இளம் பெண், "என்னக்கா ஆறு? பத்துக்குக் குறையாது" என்று இன்னும் நான்கு கல்லை வைத்தார். இருவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. கேட்டுப் பார்த்தால், அக்கா வருவது காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை. பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடுவார். இளம் பெண் வருவது கடைசி பஸ் போகும் நேரத்துக்கு. இருவரும் ஒருவரையொருவர் அந்த இடத்தில் பார்த்ததே இல்லை. ஆறும் சரி, பத்தும் சரி. அதுவரை அந்த ஊரில் களப்பணியாளர்கள் மாலை ஐந்து மணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு கூட்டமும் இல்லாத நேரத்துக்கு. அன்றைய வாக்குவாதம்தான் அந்தத் திட்டத்தின் நேரத்தையே மாற்றியது.

தகவல் கேட்கும் குழுவில் பாலியல் தொழிலாளர்கள் இருக்க வேண்டுமா?

கட்டாயம் இருக்க வேண்டும், சம்பளத்தோடு. வெளியிலிருந்து வரும் பட்டதாரி இளைஞரிடம் ஒரு பெண் தன்னை மறைத்துக்கொள்வாள். தன்னைப் போன்ற இன்னொருத்தியிடம் பத்து நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிடுவாள். கேள்வித்தாளில் உள்ள வார்த்தைகளையும் அவர்களே திருத்தட்டும். நாம் மரியாதை என்று நினைத்து எழுதும் சொல் சில இடங்களில் யாருக்கும் புரியாது, சில இடங்களில் புண்படுத்தும். அவர்கள் தரும் நேரம் வருமானம் இழக்கும் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். சேவை மனப்பான்மையோடு இலவசமாக வந்து உதவச் சொல்வது நியாயமே இல்லை.

போலீஸிடம் கேட்கலாமா? அவர்களுக்குத்தான் எல்லா இடமும் தெரியுமே.

தெரியும். ஆனால் நான் கேட்க மாட்டேன். சில வழிகாட்டிகள் போலீஸையும் தகவல் தருவோரில் ஒருவராகச் சேர்க்கின்றன. என் கருத்து வேறு. நீங்கள் ஸ்டேஷனுக்குள் போய் வந்ததை ஒரு பெண் பார்த்துவிட்டால், அன்றோடு உங்கள் நம்பகத்தன்மை போயிற்று. சுகாதாரப் பணி நடக்கிறது, களப்பணியாளர்களைத் தடுக்க வேண்டாம் என்று மேலதிகாரியிடம் தெரிவிப்பது தேவைப்படலாம். அதையும் அந்தப் பகுதிப் பெண்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதித்தபின் செய்யுங்கள். போலீஸிடமிருந்து தகவல் வாங்குவதும் வேண்டாம், போலீஸுக்குக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பாட் வாரியாக எண் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் வந்துவிடுமா?

வராது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மூன்று திருத்தங்கள் தேவை. புரிவதற்காக ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஸ்பாட்டிலும் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் உள்ள எண்ணை எடுத்துக் கூட்டினால், ஊர் முழுக்க ஒரு சாதாரண நாளில் 300 என்று வருகிறது. ஆனால் ஒரே பெண் மதியம் பேருந்து நிலையத்திலும் இரவு மதுக்கூடத்திலும் இருப்பார். இரண்டு இடத்திலும் அவரை எண்ணியிருப்போம். அந்த 300-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100, அன்றே இன்னொரு ஸ்பாட்டுக்கும் போகிறவர்கள் என்று விசாரணையில் தெரிகிறது. அந்த 100 எண்ணிக்கை உண்மையில் 50 பேர்தான். எனவே கழிக்க வேண்டியது 50. நூறையும் கழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இப்போது கையில் இருப்பது 250.

அடுத்து, எல்லாரும் தினமும் வருவதில்லை. ஒரு பெண் வாரத்தில் சராசரியாக ஐந்து நாள் வருகிறார் என்றால், ஒரு நாளில் தென்படும் 250 பேருக்குப் பின்னால் 250 × 7 ÷ 5, அதாவது 350 பேர் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் மட்டும் வருபவர்கள், திருவிழாக் காலத்தில் வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லாம் இந்தச் சராசரிக்குள் அடங்க மாட்டார்கள். அவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்த ஸ்பாட்டுக்கும் வராதவர்கள். அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம், அறிக்கையில் 350 என்று ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். 300-லிருந்து 400 வரை என்று எழுதுங்கள். ஒற்றை எண் எழுதினால் படிப்பவர்கள் அதைத் தலை எண்ணிக்கை என்றே நம்பிவிடுவார்கள். பிறகு "350 பேர் என்று சொன்னீர்களே, 280 பேரைத்தானே பதிவு செய்திருக்கிறீர்கள், மற்றவர்கள் எங்கே?" என்று களப்பணியாளர் தலையில் வந்து விடியும்.

இந்த எண்ணை வேறு வழியில் சரிபார்க்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். எல்லா முறைக்கும் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு முறைகளின் ஓட்டை ஒரே இடத்தில் இருக்காது என்பதுதான் நம் பலம்.

எளிதானது அடையாளப் பொருள் முறை. குளத்தில் மீன்களை எண்ணுவதற்கு உண்டான கணக்கேதான். ஊரில் வேறெங்கும் கிடைக்காத ஒரு சின்னப் பொருளை, ஒரு சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறீர்கள். ஒரு வாரம் கழித்து வேறொரு குழு போய் 180 பெண்களிடம் பேசுகிறது. அதில் 60 பேர் அந்தச் சாவிக்கொத்தைப் பெற்றதாகச் சொல்கிறார்கள். 200 × 180 ÷ 60 = 600. ஊரில் சுமார் 600 பேர் இருக்கலாம்.

இந்தக் கணக்கு எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் குழுவுக்கு எளிதில் கிடைத்தவர்களே இரண்டாம் குழுவுக்கும் எளிதில் கிடைத்தால், பொருள் பெற்றவர்கள் அதிகமாகத் தென்படுவார்கள். விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். நடைமுறையில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மாறாக, இடையில் பலர் ஊரை விட்டுப் போய்ப் புதியவர்கள் வந்திருந்தாலோ, பொருள் வாங்கியதையே மறந்திருந்தாலோ விடை கூடிவிடும். அதனால் இரண்டு சுற்றுக்கும் நடுவில் அதிக நாள் விடக் கூடாது. பொருளும் மனதில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பார்த்தவுடன் தொழிலைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கக் கூடாது. கையில் அது இருந்ததாலேயே ஒரு பெண் வீட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது, இல்லையா?

இன்னொன்று சேவைப் பதிவேட்டை வைத்துச் செய்வது. ஒரு கிளினிக்குக்குக் கடந்த ஆறு மாதத்தில் 240 தனித்தனிப் பெண்கள் வந்திருக்கிறார்கள். தனியாக நடத்திய கணக்கெடுப்பில் 40 சதவீதம் பேர் அந்தக் காலத்தில் அங்கே போனதாகச் சொல்கிறார்கள். 240-ஐ 0.40-ஆல் வகுத்தால் 600. இதில் பலவீனம் பதிவேடுதான். ஒரே பெண் மூன்று பெயரில் மூன்று முறை பதிந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

மேப்பிங் 350 என்கிறது, இவை 600 என்கின்றன என்றால் எதையும் தவறு என்று ஒதுக்க வேண்டாம். அந்த இடைவெளி ஒரு செய்தி. ஸ்பாட்டில் கண்ணில் படாத பெண்கள் நிறைய இருக்கிறார்கள் என்றே நான் முதலில் சந்தேகப்படுவேன். எல்லா எண்களையும் சமூகத்தினர் முன் வைத்து, எது நம்பும்படி இருக்கிறது, ஏன் என்று பேசி முடிவெடுப்பது நல்ல வழக்கம்.

போனிலும் இணையத்திலும் தொழில் செய்பவர்களை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

இன்று மேப்பிங்கில் மிகக் கடினமான கேள்வி இதுதான். முன்பு ஒரு பெண் ஸ்பாட்டில் நின்றால்தான் வாடிக்கையாளர் கிடைப்பார். இப்போது வாட்ஸாப் எண் போதும். சந்திக்கும் இடம் ஒவ்வொரு நாளும் மாறும். நின்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

முதல் வழி, ஸ்பாட்டில் இருக்கும் பெண்களிடமே கேட்பது: "உங்களுக்குத் தெரிந்தவர்களில் போன் மூலம் மட்டும் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்?" இரண்டாவது, வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கும் இடைத்தரகர்கள் வழியாகப் போவது. தன்னோடு எத்தனை பெண்கள் தொடர்பில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வழியில் கிடைக்கும் பெண் சுதந்திரமாகப் பேசுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, சங்கிலி முறை: ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று கூப்பன் கொடுத்து, அவர் தன் தோழிகளுக்குக் கொடுத்து, அவர்கள் தங்கள் தோழிகளுக்கு என்று தொடர்வது. 1997-ல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் இதை ஒழுங்கான ஆய்வு முறையாக வகுத்தார். யார் யாரை அழைத்து வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்பதை வைத்துப் புள்ளிவிவரத்தைத் திருத்துவார்கள். பெயர் தேவையில்லை, கூப்பன் எண் போதும்.

இணையதள விளம்பரங்களை எண்ணிச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே ஆள் நான்கு விளம்பரம் போடுவார். படம் ஒருவருடையது, எண் இன்னொருவருடையது. ஆனால் அதே தளங்கள் செய்தியைக் கொண்டுசேர்க்க நன்றாக உதவும். எண்ண முடியாத இடத்திலும் உதவி போய்ச் சேர முடியும்.

ஆண்களும் திருநங்கைகளும் இதில் சேர்வார்களா?

சேர்வார்கள், ஆனால் தனித்தனி மேப்பிங்காகச் செய்யுங்கள். அவர்களுடைய இடமும் நேரமும் வேறு, பயங்களும் வேறு. கேட்கும் ஆளும் அந்தந்தச் சமூகத்தவராகவே இருக்க வேண்டும். பெண்களுக்கான படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

18 வயதுக்குக் குறைந்தவர்களோ, கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டவர்களோ தென்பட்டால்?

18 வயதுக்குக் குறைந்தவர் பாலியல் தொழிலாளர் அல்ல, பாலியல் சுரண்டலுக்கு ஆளான குழந்தை. அந்தக் குழந்தையை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு நகர்ந்து போக முடியாது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்த அமைப்பு உண்மையிலேயே குழந்தையைப் பாதுகாக்கும் என்பதையெல்லாம் களத்தில் இறங்கும் முன்பே முடிவு செய்து, குழுவில் எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் யோசித்துக்கொண்டிருந்தால் தவறு நடந்துவிடும். கட்டாயப்படுத்தப்பட்ட பெரியவர்கள் விஷயத்தில், அந்தப் பெண் என்ன கேட்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. பல ஊர்களில் பாலியல் தொழிலாளர்களின் சங்கங்களே இதைத் திறமையாகக் கையாள்கின்றன.

இந்த வரைபடம் தவறான கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்?

எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. மேப்பிங்கின் விளைபொருள், தொழில் நடக்கும் ஒவ்வொரு இடமும், கூட்டம் இருக்கும் நேரமும் குறிக்கப்பட்ட ஒரு தாள். களப்பணியாளருக்கு எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவும் ரெய்டு நடத்த நினைப்பவருக்கும், ரவுடிக்கும், ஓட்டுக்காக ஊரைச் சுத்தப்படுத்தக் கிளம்புபவருக்கும் பயன்படும்.

ஓர் இடத்தைக் கலைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவாவின் பைனா என்ற சிவப்பு விளக்குப் பகுதி ஒரு சாட்சி. 2004-ல் அங்கே பெண்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. தொழில் நிற்கவில்லை. பெண்கள் சிதறி, மறைவான இடங்களுக்குப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே கட்டியெழுப்பிய தடுப்புப் பணியின் தொடர்பு அறுந்தது. ஒரே இடத்தில் இருந்தவரை ஒருவருக்கொருவர் துணையாக இருந்தவர்கள், தனித்தனியாக வாடிக்கையாளரை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே செய்ய வேண்டியவை. துல்லியமான ஜி.பி.எஸ். புள்ளிகளை அலுவலகத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது. மேலிடத்துக்குப் பகுதிவாரி மொத்த எண் போதும். ஸ்பாட்டுக்குப் பெயருக்குப் பதில் குறியீடு. குறியீட்டுக்கு உரிய இடம் எது என்ற பட்டியல் தனியாக, பூட்டில். தனி வீடுகளைப் புள்ளியாகக் குறிக்கவே வேண்டாம், அந்த வட்டாரத்தில் இத்தனை பேர் என்றால் போதும். களப்பணியாளரின் சொந்த போனில் எதுவும் தங்கக் கூடாது, வாட்ஸாப்பில் வரைபடத்தின் படம் சுற்றக் கூடாது. நிதி கொடுப்பவர் மூலத் தரவைக் கேட்டால், மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கைரேகை, முகப்படம் போன்றவற்றைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரட்டைப் பதிவைத் தவிர்க்க எளிய குறியீடே போதும்.

சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2017-ல் வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ஆணுறை கொடுப்பது போன்ற ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களின் கண்ணியம் குறித்துக் கொடுத்த உத்தரவில், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்பதும் இடம்பெற்றது. அமெரிக்காவில் நியூயார்க் உட்படச் சில நகரங்களில் போலீஸ் ஆணுறையை அப்படித்தான் பயன்படுத்திவந்தது. அதனால் பெண்கள் ஆணுறை எடுத்துப்போகவே பயந்தார்கள்.

எண் கிடைத்தபின் திட்டம் எப்படி உருவாகிறது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் மேப்பிங்கைத் தொடங்கவே கூடாது.

நம் உதாரண ஊரில் ஸ்பாட்டுக்கு வரும் 350 பேரை எடுத்துக்கொள்வோம். சகக் கல்வியாளர், அதாவது தங்களில் ஒருவராகவே இருந்து மற்றவர்களைத் தொடர்ந்து சந்திப்பவர், சுமார் 60 பேருக்கு ஒருவர் என்பது இந்தியத் திட்டங்களில் பழகிய கணக்கு. அப்படியானால் ஆறு பேர் தேவை. ஆனால் ஆறு பேரையும் பேருந்து நிலையத்திலேயே தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். லாட்ஜ் பெண்களுக்கு லாட்ஜ் பெண், இரவுக் கூட்டத்துக்கு இரவில் வருபவர்.

ஆணுறைக்கும் இதே மாதிரி கணக்குப் போடலாம். ஒருவருக்கு வாரம் சராசரி 10 வாடிக்கையாளர் என்றால், 350 பேருக்கு வாரம் 3,500. கிழிவது, வீணாவது, கணவர் அல்லது காதலனோடு பயன்படுத்துவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் கையால் கொடுத்து முடியாது. இரவு பதினொரு மணிக்கு லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு பெட்டி இருந்தால்தான் அந்த நேரத்தில் ஆணுறை கிடைக்கும். பெட்டி எங்கே வேண்டும் என்பதை மேப்பிங்தான் சொல்லும்.

கிளினிக் நேரமும் அப்படித்தான். பெண்கள் தூங்கி எழும் நேரத்தில் கிளினிக் மூடிவிட்டால் யாரும் வர மாட்டார்கள். பரிசோதனை, பால்வினை நோய்ச் சிகிச்சை, தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை, தொற்று உள்ளவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்து எல்லாம் எட்டும் தூரத்தில், எட்டும் நேரத்தில் இருக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இதைச் சொன்னதும் நிம்மதியில் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையில் தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கொல்கத்தாவின் சோனாகாச்சி என்ற சிவப்பு விளக்குப் பகுதி எடுத்துக்காட்டு. 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே ஆரம்பித்தது ஒரு சுகாதாரத் திட்டம்தான். பெண்களையே சகக் கல்வியாளர்களாக்கினார், அவர்கள் சொன்ன பிரச்சினைகளைக் கேட்டார். 1995-ல் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று துர்பார் என்ற அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். கூட்டுறவு வங்கியும் நடத்தினார்கள். கையில் சேமிப்பு இருக்கும் பெண்ணால், ஆணுறை மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடிந்தது.

எப்போது மேப்பிங் செய்யாமல் விட வேண்டும்?

ரெய்டுகள் நடந்துகொண்டிருக்கும்போது. தேர்தலோ பெரிய விழாவோ முன்னிட்டு ஊரைச் "சுத்தம்" செய்யும்போது. தரவைப் பாதுகாக்க வழி இல்லாதபோது. எண்ணியபின் சேவை தருவதற்குப் பணம் இல்லாதபோது. அந்தப் பகுதிப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லும்போது. எண் இல்லாவிட்டாலும் ஆணுறையும் கிளினிக்கும் கொண்டுபோகலாம். நம்பிக்கை வளர்ந்தபின் அவர்களே "எங்கக் கூட இன்னும் இத்தனை பேர் இருக்காங்க" என்று சொல்வார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்?

முழு மேப்பிங் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். நடுவில் ஒரு லாட்ஜ் மூடும், ஒரு மேம்பாலம் வரும், புதிய ஸ்பாட் முளைக்கும். அதற்கெல்லாம் வெளி ஆட்களை அழைத்து மறுபடி ஆய்வு நடத்த வேண்டியதில்லை. சகக் கல்வியாளர்கள் வாராவாரம் கூடும்போது சார்ட் பேப்பரை விரித்துவைத்து, "போன வாரத்திலிருந்து என்ன மாறியது?" என்று கேளுங்கள். அந்தக் கழிப்பறைப் பக்கக் கற்களை இப்போது யார் எங்கே நகர்த்துகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் தாளைச் சுருட்டிப் பூட்டி வையுங்கள்.